இடுப்பு வலி என்று சொன்னால்

ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை. ஸ்ரீரங்கத்து வீட்டின் அடுக்களையில் குனிந்து அரிசிப் பாத்திரத்தை எடுத்தபோது, "அத்தை, இடுப்பு வலிக்குது" என்றேன். கூடத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்த மாமியார் நாரையும் பூவையும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னம்மா சொல்றே, அஞ்சாம் மாசத்துலயா? தண்ணி ஏதும் போச்சா?"

"இல்ல அத்தை. வெறும் வலிதான். முதுகுக்குக் கீழே, ரெண்டு பக்கமும்."

அவர் முகம் தெளிந்தது. "அதுவா? அது எல்லாருக்கும் வர்றதுதான். நாலு நடை நடந்தா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பூவுக்குத் திரும்பினார்.

அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என் மாமியார் அன்பில்லாதவர் அல்ல. அவர் ஓடிவந்ததும் உண்மை, திரும்பிப் போனதும் உண்மை. ஓடிவரச் செய்தது ஒரு சொல். திரும்பிப் போகச் செய்ததும் அதே சொல்லின் இன்னொரு பொருள்.

தமிழில் 'இடுப்பு வலி' என்றால் பிரசவ வலி. "அவளுக்கு இடுப்பு வலி எடுத்துட்டுது" என்று சொன்னால் வண்டி பிடிக்க ஓடுவார்கள். குழந்தையைக் கொண்டுவரும் வலி அது. அதற்கு நம் மொழியில் பெயர் உண்டு, கதை உண்டு, காவல் தெய்வம்கூட உண்டு. ஆனால் அதற்கு முன்னால் நான்கைந்து மாதம் அதே இடுப்பில் தங்கியிருக்கும் வலிக்குத் தனியாக ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அதைச் சொல்வதற்கு இன்னொரு வலியின் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. கேட்பவர் பதறுகிறார். அது 'அந்த' வலி இல்லை என்று தெரிந்ததும், அது வலியே இல்லை என்றாகிவிடுகிறது. நம் பேச்சில் ஒரு வலி வலியாக ஏற்கப்பட வேண்டுமென்றால், அதன் முடிவில் ஒரு பிள்ளை பிறந்தாக வேண்டும்.

'எல்லாருக்கும் வர்றதுதான்' என்பதையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். மாமியாரிடம் கேட்ட அதே வாக்கியத்தை மருத்துவரிடமும் கேட்டேன், கல்லூரியில் உடன் வேலை செய்யும் ஆசிரியையிடமும் கேட்டேன். தகவலாகப் பார்த்தால் அது சரிதான். கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதுகிலோ இடுப்பிலோ வலி வருகிறது. ஆனால் இந்தத் தகவலிலிருந்து நாம் எடுக்கும் முடிவுதான் விசித்திரமானது. ஒரு ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்றால் முகாம் போடுகிறோம். பாதிக் கர்ப்பிணிகளுக்கு வலி என்றால், பாதிப் பேருக்கு இருக்கிறதே, பிறகு அதில் பேச என்ன இருக்கிறது என்கிறோம். நிறையப் பேருக்கு இருப்பது கவனிப்பதற்கான காரணமாக வேண்டியது. பெண்ணின் உடம்பு என்று வரும்போது மட்டும் அது கவனிக்காமல் விடுவதற்கான காரணமாகிவிடுகிறது.

உண்மையில் என்ன நடக்கிறது என்பதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வயிறு முன்னால் வளர வளர உடம்பின் எடை மையம் முன்னே நகர்கிறது. விழாமல் நிற்க, அடிமுதுகு பின்னோக்கி வளைகிறது. வயிற்றுத் தசைகள் இழுபட்டு, முதுகுக்குக் கொடுத்துவந்த தாங்கலை இழக்கின்றன. கர்ப்பகால ஹார்மோன்கள் இடுப்பெலும்பின் மூட்டுகளைப் பிணைத்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. இத்தனைக்கும் நடுவில் முதுகுத் தசைகள் இரட்டை வேலை செய்கின்றன.

2007இல் கேத்தரின் விட்கம், லிசா ஷபீரோ, டேனியல் லீபர்மன் மூவரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடிமுதுகு முள்ளெலும்புகளில் ஆப்பு வடிவம் கொண்டவை ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு மூன்று. அந்தக் கூடுதல் எலும்பு வளைவை மூன்றாகப் பகிர்ந்து சுமக்கிறது. இந்த வேறுபாடு பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸ்ட்ரலோபித்தகஸ் எலும்புகளிலும் காணப்படுகிறது. இரண்டு காலில் நடக்கத் தொடங்கிய உயிர் கருவையும் சுமந்தாக வேண்டியிருந்ததால் எலும்பே மாறியிருக்கிறது. பரிணாமம் கவனித்த பாரத்தை வீடு கவனிக்கவில்லை.

அந்த ஆண்டு எங்கள் ஊரில் இன்னொன்றும் நடந்தது. திருச்சி சிந்தாமணியையும் ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. அதன் இணைப்புகள் தேய்ந்து, ஒவ்வொரு இடைவெளியிலும் வண்டி தூக்கிப் போடும். வேலைக்குப் போகும்போது ஒவ்வொரு இணைப்பையும் என் இடுப்பால் எண்ணியிருக்கிறேன். 2022 செப்டம்பரில் பழுதுபார்ப்பதற்காகப் பாலத்தை மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஏறத்தாழ அரை ஆண்டு. பேருந்துகள் சுற்றிப் போயின. ஊரே முணுமுணுத்தது, ஆனாலும் பொறுத்துக்கொண்டது. பாரம் சுமக்கும் ஒன்றின் மூட்டுகள் தளர்ந்தால், போக்குவரத்தைத் திருப்பிவிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது. அதே மாதங்களில் என் மூட்டுகளும் தளர்ந்துகொண்டிருந்தன. என் மேல் ஓடிய போக்குவரத்தில் எதையும் யாரும் திருப்பிவிடவில்லை. காலைச் சமையல், இரண்டு பேருந்து, நின்றபடி நான்கு வகுப்பு, மாலைச் சமையல்.

உறையூரில் இருக்கும் என் அம்மாவால் நினைத்தபோது வர முடியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். திருச்சியில் பிறந்தவளுக்கு இந்த இடத்தில் ஒரு கதை நினைவுக்கு வராமல் இருக்காது.

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை அது. சைவ எல்லப்ப நாவலர் பாடிய செவ்வந்திப் புராணம் இந்தத் தலத்துக்கு உரியது. நாங்கள் அந்தக் கதையைப் பாட்டிமார் சொல்லித்தான் கேட்டோம். வணிகர் குலத்துப் பெண் இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. துணைக்கு வரவேண்டிய தாய் காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். வலி எடுக்கிறது. இரத்தினாவதி இறைவனை அழைக்கிறாள். சிவன் அவள் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாய்மார். ஒருத்தி மறைந்துபோகிறாள். தந்தையாக இருந்தவர் தாயும் ஆனதால் தாயுமானவர். இன்றும் சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று அந்தக் காட்சியை நடத்துகிறார்கள். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் செலுத்துகிறார்கள்.

இந்தக் கதையை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. தாய்மை என்பது கருப்பையோடு ஒட்டிப் பிறப்பது அல்ல, தேவைப்படும்போது ஒருவர் 'ஆகக்' கூடியது என்று அந்தப் பெயரே சொல்கிறது. 'தாயும் ஆனவர்' என்பதில் எனக்குப் பிடித்த சொல் 'தாய்' அல்ல, 'ஆனவர்'. ஆவதற்கு வேலை செய்ய வேண்டும். ஈரத்துணி பிழிய வேண்டும், எண்ணெய் காய்ச்ச வேண்டும், இரவு விழித்திருக்க வேண்டும். ஓர் ஆண் தெய்வம் இதையெல்லாம் செய்தது என்று சொல்லிவைத்த ஊர் இது.

ஆனால் கர்ப்பமாக இருந்தபோது அந்தக் கதையை வேறு மாதிரி கேட்டேன். முதலாவது, கடவுள் எப்போது வருகிறார்? வலி 'எடுத்த' பிறகு. அதற்கு முந்தைய மாதங்களில் இரத்தினாவதி எப்படித் தூங்கினாள், எப்படித் தண்ணீர் எடுத்தாள் என்பது கதையில் இல்லை. தெய்வத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் கேட்கும் வலி ஒன்றே. இரண்டாவது, நான் கேட்டு வளர்ந்த வடிவத்தில் அவள் கணவனுக்கு வேலையே இல்லை. தாய் வரவில்லையென்றால் அடுத்து வரவேண்டியது கடவுள். நடுவில் யாரும் இல்லை. கூடத்தில் இருக்கும் மனிதன் எழுந்து வருவதைவிடக் கைலாயத்திலிருந்து இறங்கி வருவது எளிது என்று நினைத்த கதைமரபு அது. சிரிக்கலாம். ஆனால் ஏழாம் மாதம் நள்ளிரவில் இரண்டு தலையணையை எப்படி அடுக்குவது என்று தனியாகத் தவிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது, அந்தச் சந்நிதி மலைமேல் இருக்கிறது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், உச்சியில் உச்சிப்பிள்ளையார், இடையில் தாயுமானவர். அங்கே போக நூற்றுக்கணக்கான படிகள் ஏற வேண்டும். சுகப்பிரசவம் வேண்டி வரும் பெண்ணும், அவளுக்காக வாழைத்தார் தூக்கிவரும் அவள் தாயும் அத்தனை படியும் ஏறுகிறார்கள். எட்டாம் மாதத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். "படி ஏறினா இடுப்பு நல்லா விரியும்" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். நான் அடிவாரத்தில் மாணிக்க விநாயகரோடு நின்றுவிட்டேன். அதைப் பற்றி வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது.

'குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம்' என்பதும் இதே மரபில் வந்ததுதான். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. அசையாமல் படுத்தே கிடப்பது முதுகுவலிக்கு மருந்து இல்லை. நடப்பதும் அளவான உடற்பயிற்சியும் வலியைக் குறைக்க உதவும். ஆனால் உடற்பயிற்சியும் உழைப்பும் ஒன்றல்ல. உடற்பயிற்சியை வலித்தால் நிறுத்தலாம். வீடு துடைப்பதைப் பாதியில் நிறுத்த முடியாது. இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஏறக்குறைய இருபது கிலோ. அரிசி மூட்டை இருபத்தைந்து கிலோ. ஈரத்துணி நிறைந்த வாளியையும் கிரைண்டர் கல்லையும் யாரும் எடை போட்டதில்லை. இவற்றைத் தூக்குவதைப் 'பிரசவத்துக்கு நல்லது' என்று சொல்லும்போது, அந்த மருத்துவக் குறிப்பு வீட்டு வேலைப் பங்கீட்டுக்குக் காவல் நிற்கிறது.

நவீனக் கையேடுகள் இதைவிட மேலா என்று பார்த்தேன். கர்ப்பிணிகளுக்கான புத்தகங்களில் முதுகுவலிக்கு ஒரு பக்கம் உண்டு. 'கனமான பொருட்களைத் தூக்காதீர்கள்', 'நீண்ட நேரம் நிற்காதீர்கள்', 'போதிய ஓய்வு எடுங்கள்'. எல்லாம் சரியான அறிவுரை. அந்த வாக்கியங்களின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எல்லாமே அவளைப் பார்த்துச் சொல்லப்படும் ஏவல். அவள் தூக்காவிட்டால் யார் தூக்குவார்? அவள் நிற்காவிட்டால் கடையிலும் வகுப்பிலும் யார் நிற்பார்? வீட்டில் உள்ள மற்றவர்களை நோக்கி, முதலாளியை நோக்கி ஒரு ஏவல்கூட இல்லை. வலியும் அவளுடையது, பொறுப்பும் அவளுடையது. கடைசியில் வலித்தால், 'நீ சொன்னபடி கேட்கவில்லை' என்ற பழியும் அவளுடையது.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன், படிக்கும் மாணவிகளுக்கு என்றாவது பயன்படும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே ஒரு மடித்த புடவை. எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழுவது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, அடிமுதுகை மெல்லச் சுவரோடு அழுத்தி விடுவது. மிதமான சூட்டில் ஒத்தடம். தட்டையான, பிடிப்பான செருப்பு. எதையாவது எடுக்க வேண்டுமென்றால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குவது. ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பதற்கு மருத்துவரிடம் நானாகத்தான் கேட்டேன். கேட்டால் கிடைக்கும் என்பதே ஒரு செய்தி.

வலி மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, குறிப்பாக இருபது வாரத்துக்குப் பிறகு, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எதை, எவ்வளவு போடலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வலி விட்டுவிட்டு ஒரே சீராக வந்தால், உதிரப்போக்கோ நீர்க்கசிவோ இருந்தால், காய்ச்சலோ சிறுநீர்க் கடுப்போ சேர்ந்தால், காலோ தொடையிடுக்கோ மரத்துப்போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்ற வாக்கியத்தின் கடைசிக் கேடு இதுதான். வராமல் இருக்க வேண்டியதையும் அது வந்ததோடு சேர்த்து மூடிவிடும்.

மாலையில் உத்திர வீதியில் நடந்தேன். சமதளமான வீதி, நடக்க நல்லது. ஆனால் உட்கார இடம் இல்லை. ஸ்ரீரங்கத்து வீடுகளில் முன்பெல்லாம் திண்ணை இருக்கும், யாரும் யாரையும் கேட்காமல் உட்காரலாம். பல வீடுகள் அடுக்ககமாகிவிட்டன. மிஞ்சிய திண்ணைகளில் பலவற்றுக்குக் கம்பிக்கதவு போட்டுவிட்டார்கள். உள்ளே பெருமாள் பாம்பணையில் சுகமாகப் படுத்திருக்கிறார். வெளியே மதிலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன்.

உட்காருவது என்பது சின்ன விஷயம் அல்ல என்று எனக்கு முழுதாகப் புரிந்தது மலைக்கோட்டை அடிவாரத்தில்தான். என்.எஸ்.பி. சாலையிலும் சின்னக்கடை வீதியிலும் துணிக்கடைகள், நகைக்கடைகள், பாத்திரக்கடைகள். ஒரு கடையில் எனக்குப் பருத்திப் புடவை எடுத்துப்போட்ட பெண்ணுக்கு ஆறு மாதம். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், அவள் நின்றிருந்தாள். "உக்காரக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "கஸ்டமர் இருக்கும்போது உக்கார முடியாதுக்கா. கஸ்டமர் இல்லாதப்ப மடிக்கிற வேலை இருக்கும்" என்றாள். கவுண்டருக்குக் கீழே ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டே இதைச் சொன்னாள். தாயுமானவர் சந்நிதி அவள் தலைக்கு நேர்மேலே இருக்கிறது.

அவளுக்குச் சட்டம் இருக்கிறது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப்பெண்கள் விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் முன்நின்று உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர்களுக்கு இருக்கை வசதி வேண்டும், பணிநேரம் முழுக்க நிற்கும்படி வைக்கக் கூடாது. அதற்கும் வெகு முன்பே, 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் நான்காம் பிரிவு, கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையையோ நீண்ட நேரம் நிற்கும் வேலையையோ தரக் கூடாது என்று சொன்னது. ஆனால் அந்தப் பாதுகாப்பு எப்போதிலிருந்து? பேறுகாலத்துக்கு முந்தைய ஆறு வாரமும், அதற்கு முந்தைய ஒரு மாதமும். ஏறத்தாழ ஏழாம் மாதக் கடைசியிலிருந்து. அந்தக் கடைப்பெண்ணுக்கு அப்போது ஆறு மாதம். சட்டமும் தாயுமானவரைப்போலத் தாமதமாகத்தான் வருகிறது.

அதுவும் 'அவள் கேட்டுக்கொண்டால்'. கேட்பதற்கு ஒரு சொல் வேண்டும். "இடுப்பு வலிக்குது" என்றால் மேலாளர் பதறி, "அப்ப லீவு போட்டுட்டுப் போம்மா" என்பார். லீவு என்றால் சம்பளம் போகும். அவள் கேட்க வேண்டியது லீவு அல்ல, நாற்காலி. பெயரில்லாத வலி வேலையிடத்தில் என்ன செய்கிறது என்பது இதுதான். ஒன்று, அவசரமாகிவிடும். இல்லையென்றால் ஒன்றுமில்லாமல் போய்விடும். நடுவில் ஒரு நாற்காலி அளவுக்கான இடம் இல்லை.

நான் கல்லூரியில் கேட்டேன். எழுத்தில் கொடுத்தேன். வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்த ஓர் உயரமான நாற்காலி வேண்டும் என்று. கொஞ்சம் சிரிப்பு, இரண்டு வாரத் தாமதம், பிறகு நாற்காலி வந்தது. வீட்டிலும் கேட்டேன். கணவர் தண்ணீர் கேனையும் வாளியையும் எடுத்துக்கொண்டார். முதலில் 'உதவி' என்று சொன்னார். அந்தச் சொல்லை விட்டுவிட இன்னும் கொஞ்ச காலம் ஆனது. வலி முழுதாகப் போகவில்லை, தாங்கும் அளவுக்கு வந்தது. நான் நிரந்தர வேலையில் இருப்பவள், எழுதிக் கொடுக்கத் தெரிந்தவள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். புடவை எடுத்துப்போட்ட பெண்ணால் எழுதிக் கொடுக்க முடியாது. அவளுக்காகக் கேட்கவேண்டியவர்கள், ஸ்டூலில் உட்கார்ந்து புடவை பார்க்கும் நாம்.

ஒன்பதாம் மாதம், அம்மா சுற்றுப்பாதையில் மூன்று மணிநேரம் அலைந்து என்னை அழைத்துப்போக வந்தார். கிளம்புவதற்கு முந்தைய இரவு மாமியார் வெந்நீர்ப் பையோடு என் அறைக்கு வந்தார். வைத்துவிட்டுப் போகாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு மூணு பிள்ளைக்கும் இருந்துச்சு. நடுப்பிள்ளைக்கு ரொம்ப. தெருக்குழாயிலேருந்து குடத்தைத் தூக்கிட்டு வருவேன், வாசப்படியில வச்சுட்டு நின்னு அழுவேன்."

"யார்கிட்டயும் சொல்லலியா அத்தை?"

"சொன்னேனே. எல்லாருக்கும் வர்றதுதான்னாங்க."

எந்த இடம் என்று கேட்டேன். கையைப் பின்னால் கொண்டுபோய், நாற்பது ஆண்டுக்குப் பிறகும் தடுமாறாமல், அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.